எழுதியவர் கையெழுத்து

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது மதுரையே சேர்ந்து ஒரு வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்தது. சவரக் கடையில் எதிர்த்தார்கள். காபி கிளப்பில் எதிர்த்தார்கள். சிம்மக்கல்லில் மூட்டை இறக்க வந்தவர்கள் வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு நின்று நிதானமாக எதிர்த்தார்கள். அது எந்த ஒப்பந்தம், யாருக்கும் யாருக்கும் நடுவில், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் அவசரமாக ஒரு வேலை வந்துவிடும். எனக்குத் தெரிந்து பத்திரிகையில் வந்த விவரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவன் ஊரில் நான் ஒருவன்தான். அப்படிப் படித்ததால் எனக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

விஷயம் இவ்வளவுதான். சீமைத் துணி இங்கே வந்து இறங்கும்போது அதன்மேல் போடுகிற தீர்வையைக் குறைக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சீமை ஆலைக்காரர்கள் நம் ஊர்ப் பஞ்சை வருஷத்துக்கு இவ்வளவு பேல் என்று வாங்கிக்கொள்வார்கள். டெல்லி சட்டசபை இதை ஏற்க வேண்டும் அல்லது தள்ள வேண்டும். தள்ளச் சொல்லித்தான் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். தள்ள வேண்டியதுதான் என்று நானும் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் கேவலமாக நினைப்பது எதிர்ப்பை அல்ல, எதிர்த்தவர்களை.

மதுரையில் அந்த எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு மதுரையில் வீடு, திருமங்கலத்தில் பருத்தியைக் கொட்டை நீக்கிப் பஞ்சாக்கும் ஆலை. சுற்றுப்பட்ட கரிசல் கிராமங்களில் விளைகிற பருத்தியெல்லாம் அவர் களத்தில்தான் வந்து கொட்டும். அவரைப் பஞ்சுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவருக்குச் சிம்மக்கல்லில் மொத்த ஜவுளிக் கடை. கடைக்குள் கூரை வரை அடுக்கியிருந்தது சீமை மல் துணி. அவர் உடம்பில் கட்டியிருந்தது மட்டும் கதர். அவர் ஜவுளிக்காரர். ஒப்பந்தம் வந்தால் ஒருவருக்குப் பஞ்சு கூடுதலாக விற்கும், மற்றவருக்குத் துணி மலிவாக வரும். அதாவது ஊரில் அந்த ஒப்பந்தத்தால் நேரடியாக லாபம் பார்க்கக்கூடியவர்கள் யார் என்று தேடினால் இந்த இரண்டு பேரும்தான் முதலில் அகப்படுவார்கள். அவர்கள்தான் அதை எதிர்த்தார்கள். நகரசபைத் தேர்தல் வருவதாகப் பேச்சு இருந்தது, இரண்டு பேருக்கும் அதில் நிற்க ஆசை. எதிர்க்காதவன் தலை காட்ட முடியாத வருஷம் அது.

எனக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்றால், நான் அவர்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பஞ்சுக்காரர் கொடுத்த இடத்தில் ஜவுளிக்காரர் கட்டடம் கட்டி, இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடம். இடம் பெரிதா கட்டடம் பெரிதா என்பது தீராத வழக்கு. அதனால் ஒரு வருஷம் இவர் தலைவர், அவர் காரியதரிசி, மறுவருஷம் மாற்றி. சில்லறைக் காகிதங்களுக்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒரு வாத்தியாரை நிரந்தரமாக்கும் அல்லது நீக்கும் உத்தரவுக்கு மட்டும் இரண்டு பேரும் கைப்பட கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி.

என்னுடைய உத்தரவு டைப் அடித்து இரண்டு வருஷமாக ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்தது. என் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. யார் முதலில் போடுவது என்பதுதான் சிக்கல். முதலில் போட்டால் இரண்டாவது ஆள் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டதாக ஆகும், அது கௌரவம். இரண்டாவது போட்டால் முன்னவர் சொன்னதற்குத் தலையாட்டியதாக ஆகும். எங்கள் பக்கத்தில் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்ற தகராறில் சாமியையே தெருவில் நிறுத்தி வைத்துவிட்டு விடிய விடியப் பேசியிருக்கிறார்கள். சாமியையே நிறுத்தியவர்களுக்கு ஒரு வாத்தியாரை நிறுத்தி வைப்பது பெரிய காரியமா?

நிரந்தரம் ஆகாத வாத்தியாருக்குக் கோடை விடுமுறைச் சம்பளம் கிடையாது. ஏப்ரல் கடைசியில் வீட்டுக்கு அனுப்பி ஜூன் கடைசியில் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் பருத்தி விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த என் மாமனார் இதைக் கேள்விப்பட்டு எனக்குப் "பத்து மாச வாத்தியார்" என்று பெயர் வைத்திருந்தார். என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம், எங்களுக்கு அது முதல் குழந்தை. சித்திரையில் வளைகாப்புப் போட்டு அழைத்துப்போக அவள் அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அப்பா வாரப்ப அந்த உத்தரவை அவரு கையில குடுக்கணும். அவரு பத்து மாசம்னு ஒரு தடவ கூடச் சொல்லக் கூடாது," என்றாள் அவள்.

அவள் ஆசை அவ்வளவுதான். என் ஆசையும் அவ்வளவுதான். அதற்காக நான் எதைச் செய்யவும் தயாராக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆகவே பஞ்சுக்காரர் என்னைக் கூப்பிட்டு, டெல்லிக்கு அனுப்ப ஒரு மனு எழுத வேண்டும் என்று சொன்னபோது இரண்டு கையாலும் ஒப்புக்கொண்டேன். "நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க வாத்தியாரே. இது முடியட்டும், ஒங்க காகிதத்தையும் பாத்துருவோம்," என்றார். அன்று மாலையே ஜவுளிக்காரரும் கூப்பிட்டு அதே வார்த்தையைச் சொன்னார். இரண்டு பேரும் சொல்லிவிட்டார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அசடு.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். இங்கிலீஷில் ஒன்று, டெல்லிக்கு. தமிழில் ஒன்று, நோட்டீஸாக அச்சடித்து ஊருக்குக் கொடுக்க. தமிழில் ஒரு வரி எனக்கே பிடித்திருந்தது. இந்த ஒப்பந்தத்தால் லாபம் அடையப்போகிறவர்கள் சீமை ஆலைக்காரர்களும், இங்கே உட்கார்ந்து அவர்களுக்குத் தரகு பார்க்கிறவர்களும் மட்டுமே என்று எழுதியிருந்தேன். அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பஞ்சுக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். ஜவுளிக்காரர் "சபாஷ்" என்றார். யாரைச் சொல்லியிருக்கிறது என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரவர் மற்றவரை நினைத்துக்கொண்டார்கள் என்று பின்னால் எனக்குப் புரிந்தது.

மனு தயார். கையெழுத்து? மறுபடியும் அதே பேய் வந்து மரத்தில் ஏறிக்கொண்டது. ஊர் வியாபாரிகள் முப்பது நாற்பது பேர் கையெழுத்துப் போடக் காத்திருந்தார்கள். ஆனால் பெரியவர்கள் இரண்டு பேரும் போடாமல் தாங்கள் போடுவது மரியாதை இல்லை என்றார்கள். பெரியவர்களோ ஒருவர் போடாமல் மற்றவர் பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார்கள். சட்டசபையில் ஓட்டெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் குள்ளமான மனுஷர், நல்ல மனசு. அவர்தான் ஒரு வழி சொன்னார். வட்டமாக ஒரு கோடு போட்டு, அதைச் சுற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டால் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மனுவின் கடைசித் தாளில் காம்பஸ் வைத்துச் சிவப்பு மசியில் அருமையாக ஒரு வட்டம் போட்டார். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பஞ்சுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"இதுல தலை எது?"

"வட்டத்துக்குத் தலை கெடையாதுங்க மொதலாளி," என்றார் டிராயிங் மாஸ்டர்.

"தலை இல்லாத காகிதத்துல நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

 பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்து, தாளை மேஜையில் கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்துக்கொண்டார். கிழக்குப் பக்கம் தம் கையெழுத்து வரட்டும் என்றார். ஜவுளிக்காரர் சிரித்தார். கிழக்குப் பக்கம் கையெழுத்துப் போடத் தமக்கும் தெரியும் என்றார். பஞ்சுக்காரர் மேஜையைச் சுற்றி நகர்ந்தார். ஜவுளிக்காரரும் நகர்ந்தார். கதர்ச் சட்டை போட்ட இரண்டு பெரிய மனிதர்கள், ஆளுக்கு ஒரு பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தேசத்தின் வர்த்தகம் நடுவில் மேஜைமேல் கிடந்தது.

"டெல்லிக்குப் போனப்பறம் அங்க இந்தத் தாள எந்தப் பக்கமா வெப்பாங்கன்னு யாரு கண்டா?" என்று ஒரு மளிகைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அன்று ஒற்றுமை ஏற்பட்டது. விசாரித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு ஆளுக்கொரு வாசலில் வெளியேறினார்கள்.

அதற்குள் வைகை மணலில் பொதுக்கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. யார் முதலில் பேசுவது என்ற கேள்வி வந்தது. இந்தத் தடவை கேள்வி வருவதற்கு முன்பே நான் பயந்துகொண்டிருந்தேன். முடிவில் இரண்டு பேருமே பேசுவதில்லை என்றும், நான் நோட்டீஸைப் படிப்பது என்றும், இருவருக்கும் ஒரே சமயத்தில் மாலை போடுவது என்றும் தீர்மானமாயிற்று. பஞ்சுக்காரருக்கு நான் போட வேண்டும், ஜவுளிக்காரருக்கு டிராயிங் மாஸ்டர் போட வேண்டும். முதல்நாள் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, தோரணக் கயிற்றை மாலையாக வைத்துக்கொண்டு நாங்கள் ஒத்திகை பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் போட வேண்டும். இரண்டு வளர்ந்த ஆண்பிள்ளைகள், ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி., ஒருவர் டிராயிங் ஹையர் கிரேடு, காலி நாற்காலிகளுக்கு மாலை போட்டுப் பழகினோம். இதை என் மனைவியிடம் கடைசி வரை சொல்லவில்லை.

கூட்டத்தில் டிராயிங் மாஸ்டருக்குக் கை எட்டவில்லை. ஜவுளிக்காரர் உயரமானவர், அதோடு விறைப்பாக நின்றுவிட்டார். குனிந்தால் மாலைக்குத் தலை வணங்கியது போல் ஆகுமாம். நான் போட்டு முடித்துக் கையை எடுத்த பிறகுதான் அந்த மாலை அவர் கழுத்தில் விழுந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் தாமதம். அதற்காக அவர் டிராயிங் மாஸ்டரிடம் ஒரு வாரம் பேசவில்லை.

நான் நோட்டீஸைப் படித்தேன். மணலில் நல்ல கூட்டம். தரகுக்காரர் வரி வந்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை.  உண்மையைச் சொன்னால், அந்தக் கொஞ்ச நேரம் நான் ஒரு பெரிய ஆள் என்று நம்பினேன். மேடையில் இருந்த இரண்டு மாலைகளைவிட என் தொண்டைக்குத்தான் மதிப்பு என்று நினைத்தேன். இவர்களைப் பற்றி இவ்வளவு ஏளனமாக எழுதும்போது என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதுதான் முறை.

அச்சடித்த நோட்டீஸின் அடியில் ஒரு பெயர்தான் இருந்தது. என் பெயர். பத்திரம் எழுதுகிறவன் கடைசியில் தன் பெயரைப் போடுவது எங்கள் வழக்கம். வீடு விற்பவர் கையெழுத்து, சாட்சிகள் கையெழுத்து, அதற்கெல்லாம் அடியில் "எழுதியவர்" என்று ஒரு கையெழுத்து. அது இல்லாவிட்டால் பத்திரம் முழுமை இல்லை என்று நினைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் மனுவிலும் நோட்டீஸிலும் "எழுதியவர்" என்று போட்டிருந்தேன். மேலே பெரியவர்கள் பெயர் வரும் இடம் இரண்டிலும் காலி.

டெல்லித் தபாலுக்குக் கடைசி நாளன்று பஞ்சுக்காரர் வீட்டுக்கு ஓடினேன். "அவரு போட்டாரா?" என்றார். இல்லை என்றேன். சிம்மக்கல்லுக்கு ஓடினேன். "அவரு போட்டாரா?" என்றார் ஜவுளிக்காரர். திரும்பப் பஞ்சுக்காரரிடம் வந்தேன்.

"அதான் எழுதினவரு கையெழுத்து இருக்குல்ல? அனுப்பிருங்க. விஷயந்தான முக்கியம்," என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பெரியவர்கள் இரண்டு பேருடைய கையெழுத்தும் தமிழில்தான் இருக்கும் என்பதும், அவை எப்படி இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு அவரவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பழைய கல்யாணப் பத்திரிகைகளில் அவற்றைக் காட்டியிருந்தேன். என்றைக்காவது ஒருநாள் என் உத்தரவில் அவற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. அவள் வட்டத்தைப் பார்த்தாள், அடியில் என் பெயரைப் பார்த்தாள்.

"என்னங்க, அவங்க பேரு எங்க?"

"அது பெரிய விஷயம். ஒனக்குப் புரியாது."

"எதுத்தது அம்புட்டு பேரும். பேரு மட்டும் ஒங்களுதா?"

எனக்குக் கோபம் வந்தது. தேசம், கடமை என்று எதையோ சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். வீட்டில் புத்தி உள்ள ஒரே ஆளை வாயை மூட வைத்துவிட்டு, காலி வட்டத்தை ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.

டெல்லியில் ஓட்டெடுப்பு நடந்தது. ஒப்பந்தம் தோற்றது. எங்கள் மனுவால் அல்ல என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அதை அங்கே எவரும் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் மதுரையில் கொண்டாட்டம் தாங்கவில்லை. நாயனம், கற்கண்டு, சந்தனம். பஞ்சுக்காரர் தம் காரில் ஊர்வலம் வந்தார், ஜவுளிக்காரரும் தம் காரில் வந்தார். ஒரு காருக்குப் பின்னால் இன்னொரு கார் போகக் கூடாது என்பதால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. சிம்மக்கல்லில் எதிரே வாழைத்தார் வண்டி ஒன்று வந்துவிட்டது. தெருவின் அகலம் இரண்டு காருக்கே இழுபறி. யார் பின்வாங்குவது? வண்டிக்காரன்தான் கடைசியில் மாட்டை அவிழ்த்து, வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளினான். அதுவரை வெற்றி ஊர்வலம் வெயிலில் நின்றது. நாயனக்காரர் வாத்தியத்தை இறக்கிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டார்.

சில நாள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. சட்டசபை தள்ளினால் என்ன, சர்க்கார் அந்த ஒப்பந்தத்தை அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. அவ்வளவு அதிகாரம் அவர்களிடம் இருந்தது. நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட ஆபீசுக்கு ஓடினேன். அடுத்த கண்டனக் கூட்டம் எப்போது என்று கேட்பதற்காக. தலைவரும் காரியதரிசியும் அதிசயமாக ஒரே அறையில் இருந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் வருத்தம் என்று சொல்லும்படி ஒன்றையும் நான் காணவில்லை.

"நாம எதுத்தோம்ல வாத்தியாரே. அது போதும். மேல இருக்கவன் கேக்கலன்னா நாம என்ன செய்யிறது?" என்றார் பஞ்சுக்காரர்.

"நம்ம கடமையச் செஞ்சாச்சு," என்றார் ஜவுளிக்காரர்.

என் உத்தரவைப் பற்றி மெல்ல நினைவூட்டினேன். பார்ப்போம் என்றார்கள். சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது.

சித்திரைக்கு முன்பு வேறொருவர் வந்தார். பஞ்சு வாங்கிச் சீமைக்கு ஏற்றி, சீமைத் துணியை இங்கே இறக்கி விற்கிற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் துரை. ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டதால் திருமங்கலம் பக்கத்தில் பஞ்சு கொள்முதலுக்கு ஒரு ஆளும், மதுரையில் துணி விற்பனைக்கு ஒரு ஆளும் கம்பெனிக்கு வேண்டியிருந்தது. எங்கள் பெரிய மனிதர்கள் இரண்டு பேரும் கதரைக் கழற்றி வைத்துவிட்டு, கோட்டும் தலைப்பாகையுமாகப் போய்ப் பார்த்தார்கள். துரை அவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு, மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டாராம். என் நோட்டீஸ். தரகுக்காரர் வரிக்கு அடியில் நீலப் பென்சில் கோடு.

இதை எனக்குச் சொன்னவர் கம்பெனிக் குமாஸ்தா. அந்த வரியை இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னவரே அவர்தான். இது யார் வேலை என்று துரை கேட்டாராம். பெரியவர்கள் இரண்டு பேரும் நோட்டீஸை வாங்கி, முதல் தடவையாகப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். எங்கேயும் தங்கள் பெயர் இல்லை. அடியில் ஒரு பெயர் இருந்தது. "எங்க பள்ளிக்கூடத்துல ஒரு தற்காலிக வாத்தியாருங்க. கொஞ்சம் கிறுக்கு," என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டினாராம். அந்த ஆளை இன்னும் வைத்திருக்கிறீர்களா என்றாராம் துரை. வேறொன்றும் கேட்கவில்லையாம்.

மறுநாள் காலை டிராயிங் மாஸ்டர் வர்ணக் கட்டி வாங்க ஆபீசுக்குப் போயிருக்கிறார். மேஜைமேல் ஒரு டைப் காகிதம் இருந்திருக்கிறது. பஞ்சுக்காரர் ஒரு பக்கம், ஜவுளிக்காரர் ஒரு பக்கம். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் அண்ணே என்று கூப்பிட்டதை நாங்கள் கேட்டதில்லை. அண்ணே என்றால் மூப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அன்றைக்குக் கூப்பிட்டார்களாம்.

"நீங்க மொதல்ல போடுங்கண்ணே."

"ஐயய்யோ, அது மொறையில்லண்ணே. நீங்க போடுங்க."

"எடம் ஒங்க எடம். நீங்கதாண்ணே."

"சரி, நான் போடுறேன். கீழ நீங்க போட்டுருங்க."

காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டதாம். ஜவுளிக்காரர் கீழே போட்டார். முகம் கோணாமல், பேனாவைக்கூட அவரிடமே இரவல் வாங்கிப் போட்டாராம். டிராயிங் மாஸ்டர் இதை என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார். எதற்காகக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. என் நிரந்தர உத்தரவுதான் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, வர்ணக் கட்டியை மறந்துவிட்டு, எனக்குச் சொல்ல வகுப்புக்கு ஓடி வந்திருக்கிறார். அவருக்கு முன்பாகப் பியூன் அந்தக் காகிதத்தோடு வந்துவிட்டான்.

விடுமுறைக்குப் பிறகு என் சேவை தேவையில்லை என்று அதில் இருந்தது. நல்ல இங்கிலீஷ். ஒரு பிழை இல்லை. இருக்காது, ஏனென்றால் பள்ளிக்கூட உத்தரவுகளுக்கெல்லாம் மாதிரி எழுதிக் கொடுத்தவன் நான். ஆளை நீக்குவதற்கும் ஒரு மாதிரி வேண்டும் என்று முந்திய வருஷம் கேட்டார்கள். அழகாக எழுதிக் கொடுத்தேன். அதில் மட்டும் "எழுதியவர்" என்று போடவில்லை.

வழியெல்லாம் அவர்களைத் திட்டிக்கொண்டே போனேன். என்னிடம் இருந்த வசவு அத்தனையும் சிம்மக்கல் முனைக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. வீட்டு வாசலில் மாட்டு வண்டி நின்றது. மாமனார் ஊரிலிருந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கும்பிட்டபோது சட்டைப்பையிலிருந்து காகிதம் எட்டிப் பார்த்தது. உள்ளேயிருந்து வந்த என் மனைவியின் கண் அதன்மேல் விழுந்தது. நான் தடுப்பதற்குள் உருவிப் பிரித்துவிட்டாள்.

மேலே இருந்த இங்கிலீஷை அவள் பார்க்கவே இல்லை. நேராக அடிக்குப் போனாள். ஒரு கையெழுத்தைத் தொட்டாள். பிறகு அதற்குக் கீழே இருந்ததைத் தொட்டாள்.

"ரெண்டு பேரும் போட்டுட்டாங்க!" என்றாள். அவள் குரல் எதிர்வீடு வரை கேட்டிருக்கும். "அப்பா, பாருங்கப்பா! ரெண்டு கையெழுத்தும் விழுந்துருச்சு. இனிமே பத்து மாசம்னு சொல்லுவீங்களா?"

மாமனார் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்கு எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது. அந்த இரண்டு கையெழுத்தையும் வெகுநேரம் மரியாதையாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, "மாப்ள, ஒக்காருங்க" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அவள் காகிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். வைகை மணலில் அவ்வளவு பேருக்கு முன்னால் கணீரென்று படித்த என் வாய்க்கு அந்த ஒரு காகிதத்தை அவளுக்குப் படித்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. வளைகாப்பு முடிந்து, வண்டி ஊருக்குக் கிளம்புகிற வரை வரவில்லை.